நான்கில் ஒன்று

பின்னால் உட்காருங்கள் என்று சோதனை வைக்கிற ஆக்னஸ் மிஸ் சொன்னதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பிரகதிக்கு முதுகுப்புறம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சொன்னதைச் செய்து செய்து பழகிய உடம்பு, ஏன் என்று மனசு கேட்பதற்குள் அது செய்து முடித்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் கேள்வி வருகிறது, ஏன் பின்னால்? போன மாதம் இதே அறையில், இதே மேஜையில், மிஸ்ஸுக்குப் பக்கத்தில், மகளுக்கு நேர் எதிரில்தானே இருந்தேன். அவள் எந்தப் படத்தைப் பார்க்கிறாள் என்று நான்தானே பார்த்துப் பார்த்துச் சொன்னேன். ஏழு வயதாகிறது, கை இன்னும் அவள் பேச்சைக் கேட்பதில்லை, விரலை நீட்டு என்றால் தோளிலிருந்து எல்லாம் சேர்ந்து விறைத்து நீண்டு எங்கேயாவது போய் இடிக்கும், அதனால் கண்தான் அவளுக்கு விரல். மேலே ஒரு படம் இருக்கும், கீழே நான்கு படம் இருக்கும், மேலே இருப்பதுபோலவே கீழே இருப்பது எது, பார்த்துக் காட்டு சாமி. பார்ப்பாள். மூணாவதுங்க மிஸ், என்பேன். மிஸ் குறித்துக்கொள்வாள். ஏதோ ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரி. வெளியே வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி அழுதேன், அவரும் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மேஜை பக்கத்திலேயே நின்று அழுதிருப்பார் போல, மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு நன்றாகப் போனதைத் திரும்ப எதற்கு வைக்க வேண்டும்? இன்னொரு தடவை பார்த்துடலாம் பிரகதி அம்மா, என்றாள் மிஸ் போனில். ஒரு தடவை சரி என்றால் சரிதானே. பனியன் கம்பெனியில் பாஸ் ஆகிப் போன பீஸை யாராவது திரும்ப எடுத்து விரித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

இங்கிருந்து பார்த்தால் பிரகதியின் பின்னந்தலைதான் தெரிகிறது. வகிடு கோணலாகப் போயிருக்கிறது, காலையில் அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், நானும் அவசரத்தில் இருந்தேன். விடியும் முன்னால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் குடமாகப் பிடித்து ஊற்றி, சின்னவன் தருணுக்குச் சோறு கட்டி, இவளைக் குளிப்பாட்டி, விறைத்த காலைத் தடவித் தடவி இளக்கி ஷூவுக்குள் நுழைத்து, பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், இவ்ளோ பெரிய புள்ளைய எதுக்குங்க இடுப்புல வெச்சிருக்கறீங்க, எறக்கி நிக்க வைங்க, என்கிறான். நிற்கிற பிள்ளையாக இருந்தால் நான் ஏனப்பா தூக்கப்போகிறேன். முன்பெல்லாம் பதில் சொல்வேன், இப்போது சொல்வதில்லை, சொன்னால் அடுத்து ஐயோ பாவம் என்பார்கள், அதற்கு ஒரு முகம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அலுப்பாக இருக்கிறது. இடுப்பு வலி இடது காலுக்கு இறங்கி வந்துவிட்டது. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் யாரும் எழுப்பாமல் விட்டால் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். கலாமணி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியிலும் இங்கேயும் நான் பிரகதி அம்மா. மகளுக்குப் பெயர் வைத்தது அவர். பிரகதி என்றால் முன்னேற்றமாம், பேப்பரில் பார்த்தாராம். என்ன பெயர் பாருங்கள்.

மேஜைமேல் பெரிய புத்தகம் புரளுகிறது. இது மாதிரி எது இருக்கு பிரகதி, கீழ பாரு. சத்தமில்லை. மேலே காற்றாடி சுற்றுகிறது, அதில் ஒரு கிறீச். பிரகதியின் கழுத்து இடது பக்கம் திரும்புகிறது, வலது பக்கம் திரும்புகிறது, தலைக்கு வைத்திருக்கும் திண்டில் பின்னல் உரசுகிறது. ம்மா, என்கிறாள். அம்மா பின்னாடிதான் இருக்காங்க, நீ இங்க பாரு தங்கம், என்கிறாள் மிஸ். நான் தொண்டையைச் செருமினேன், நான் இருக்கிறேன் என்று தெரியட்டும் என்று. நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க, என்கிறாள் மிஸ், கோபமில்லாமல்தான் சொல்கிறாள், இவளுக்குக் கோபமே வராது, அதுதான் எனக்குக் கோபம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், வாயில் வாங்க போங்க என்று வரும், மனசுக்குள் அவள் இவள்தான். தாள் திரும்புகிறது. போன மாதம் இந்த நேரத்துக்குப் பாதிப் புத்தகம் தாண்டியிருந்தோம். பாரு பிரகதி, பாருடி தங்கம், முதல் பக்கம் சுலபமானதுதானே, வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் மாறுகண் இருந்தது, கண்ணாடி போட்டாயிற்று. பிறகு நரம்பு டாக்டர்தான் சொன்னார், பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கையும் காலும் மட்டும் அடிபடவில்லை, பார்ப்பதைப் பிரித்து இது இன்னது என்று எடுத்துக்கொள்கிற இடமும் அடிபட்டிருக்கலாம் என்று. கண் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்கும், உள்ளே வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல் என்றார். லாரியில் மூட்டை வந்து இறங்கிவிட்டது, பிரித்து அடுக்க ஆளில்லை, இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. என் நங்கையாள், அதுதான் நாத்தனார், அவள் மகள் கல்யாணத்தில் மண்டபத்து வெள்ளைத் தரையில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடியது, அதைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனேன், பள்ளத்தில் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மேளத்தையும் மீறி அலறினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், என் மகளிடம் முடியும், பூப்போட்ட தட்டில் அப்பளத்தை வைத்தால் தட்டு முழுவதும் கண்ணால் தேடிவிட்டு என்னைப் பார்ப்பாள். தெருவில் நாலு பொம்பளைகளோடு நான் நின்றால் என்னைத் தெரியாது, குரல் கொடுத்தால் சிரிப்பாள். ஆனால் பக்கத்தில் வந்துவிட்டால் என் முகம் அவளுக்கு மனப்பாடம். எனக்குத் தலைவலி என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவரோடு சண்டை போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி சோறு ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பார்க்கத் தெரியாது என்றால் எப்படி நம்புவது? அவள் உலகம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மங்கலாக இருந்தது. மங்கல் இல்லையாம், எல்லாம் தெளிவாகத்தான் தெரியுமாம், எது எங்கே முடிகிறது என்றுதான் தெரியாதாம். அதை எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது.

எனக்கா இப்படி ஒரு பிள்ளை என்று நினைத்திருக்கிறேன், வாய்விட்டே சொல்கிறேன், நினைத்திருக்கிறேன். இவள் பிறக்கும் வரை செக்கிங்கில் இருந்தவள் நான். நீள மேஜை, மேலே வரிசையாக டியூப் லைட், இந்தப் பக்கம் பனியன் குவியல், அந்தப் பக்கம் பார்த்து முடித்த பனியன். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது இருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ள வேண்டும். மற்றவர்கள் தேடுவார்கள், நான் தேடியதே இல்லை, துணியை விரித்ததும் கண் தானாக ஓடித் தப்பின்மேல் போய் நின்றுவிடும், அதற்கு அப்புறம்தான் ஓ இங்கே ஓட்டையா என்று எனக்கே தெரியும். வெள்ளையில் வெள்ளை நூல் விட்டிருந்தால்கூடத் தப்பாது. கலாமணி மேஜைக்குப் போனால் ஆண்டவனே நெய்திருந்தாலும் ஒரு ஸ்டிக்கர் விழும் என்று சூப்பர்வைசர் சொல்வார். ஊரான் துணியில் தப்புக் கண்டுபிடித்த பாவம்தான் என்று அத்தை, அதாவது மாமியார், இவள் நடக்கவில்லை என்று தெரிந்த வருஷம் சொன்னாள். நான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது உறைக்கவும் இல்லை.

தாள் திரும்புகிறது. திரும்பியதா, இல்லை அதே பக்கத்தைச் சரி பண்ணினாளா. எழுந்து எட்டிப் பார்க்கலாமா என்று இருக்கிறது. தருணை வைத்துச் சோதித்த அன்றைக்கும் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், ஆமாம், அன்றைக்கு நானாகவே பின்னால் போய் உட்கார்ந்தேன், அவனுக்கு என் தயவு எதற்கு. இந்த மாதிரி விறைப்பு இருக்கிற பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் பார்த்துப் புரிந்துகொள்வது எந்த வயதில் எப்படி வளர்கிறது என்று மிஸ் ஒப்பிட்டுப் பார்க்கிறாளாம், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் கூட்டி வாங்க என்றாள். அவனுக்கு ஐந்து வயது. முழங்காலில் ஆறிய புண்ணைச் சொறிந்துகொண்டே, ஜன்னலுக்கு வெளியே ஒரு ஓணானையும் பார்த்துக்கொண்டே, இது, இது, இது, என்று விரலால் குத்திக்கொண்டு போனான். கோடுகளுக்குள் கோடாக ஒளிந்திருந்த மீனைக்கூட எடுத்துவிட்டான். பாதி வரைந்து விட்டிருந்த குடையைப் பார்த்து, கொடை, இன்னும் கம்பி போடலீங்க, என்றான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவனுக்கு நான் ஒரு வட்டம் வரைந்து காட்டியதில்லை, தெருவில் புரண்டு எழுந்தானே தவிர என்ன செய்தான், எல்லாம் தானாக வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. பெற்ற பிள்ளை நன்றாகச் செய்வதைப் பார்த்து நெஞ்சு எரிகிற தாய் உலகத்தில் இருப்பாளா. நான் இருக்கிறேன். வரும் வழியில் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், நெஞ்சு எரிந்ததற்காக.

பிரகதிக்கு ஒவ்வொன்றாக நான்தான் ஏற்றினேன். கம்பெனியில் இருந்து வரும் காலி அட்டைப்பெட்டிகளை வெட்டிப் படம் ஒட்டினேன். சாயங்காலம் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அவளை இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்கிற மூலைநாற்காலியில் சாய்த்து எதிரில் சம்மணம் போட்டு உட்காருவேன். மேலே ஒன்று, கீழே நான்கு. முதலில் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை, எங்கேயோ பார்ப்பாள், எச்சில் ஒழுகும், துடைப்பேன், திரும்ப வைப்பேன். ஒருநாள் வட்டத்தைக் காட்டி, தோசை எங்கடி இருக்குது, என்றேன். கீழே இருந்த வட்டத்தில் போய்க் கண்ணை நிறுத்தினாள். சூப்பர் என்று கத்தினேன், அவள் உடம்பெல்லாம் விறைக்கச் சிரித்தாள். அதற்குப் பிறகு மளமளவென்று வந்தது. சதுரம், நட்சத்திரம், இலை, சாவி, பிறகு அ, ஆ. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று பக்கத்து வீட்டில் சொன்னால் சொல்லட்டும் என்று யார் வந்தாலும் உட்கார வைத்துக் காட்டுவேன். அவர் அதைப் பார்க்கவே சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். எங்கள் தெரு முனையில் இருக்கும் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்டிரஸ் நல்ல மாதிரி, சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் பிள்ளைக்கு எழுத்தும் படமும் பிரித்துத் தெரியும் என்று ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்து கொடுங்கள், இல்லாவிட்டால் சும்மா ஒரு மூலையில் உட்கார வைப்பதுபோல ஆகிவிடும், அது அவளுக்கும் கஷ்டம், என்றார். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் யூனிபார்ம் துணி எடுத்து வந்து தானே வெட்டினார். கையை மேலே தூக்காமல் போடுகிற மாதிரி தோளில் திறப்பு வைத்து, அதில் ஒட்டுகிற பட்டி வைத்து. கட்டிங் மாஸ்டர் எத்தனையோ தேசத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை வெட்டியிருக்கிறார், இதற்கு மட்டும் சாக்பீஸ் கோட்டை அழித்து அழித்துப் போட்டார். இன்று இந்த ரிப்போர்ட் கைக்கு வர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவள் கலெக்டர் ஆக வேண்டாம். காலையில் ஒரு பத்து மணிக்கு மற்ற பிள்ளைகளோடு ஒரு பெஞ்சில் இருக்க வேண்டும், நான் வீட்டில் ஒரு டம்ளர் காப்பியை ஆறுவதற்குள் குடிக்க வேண்டும்.

ம்மா. மறுபடியும் கழுத்து திரும்புகிறது. மிஸ் பொறுமையாகக் காத்திருக்கிறாள். பிரகதி ஏன் என்னைத் தேடுகிறாள்? பயமா? புது இடம் இல்லையே, மிஸ்ஸைப் பிடிக்கும், மிஸ்ஸின் மூக்குத்தியைப் பார்த்தால் சிரிப்பாள். வீட்டில் படம் வைக்கும்போதும் முதலில் என்னைத்தான் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள், அப்புறம் படத்தைப் பார்ப்பாள், அப்புறம் திரும்ப என்னை, அப்புறம்தான் கண்ணை நிறுத்துவாள். அது பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிஸ் ஏன் என்னைப் பின்னால் உட்கார வைத்தாள். பின்னால் இருந்தால் அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவளைத் தெரியாது என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தால் என்ன? அவள் கண் நிற்பதற்கு முன்னால் நான் வாயே திறந்ததில்லையே, போன மாதமும் திறக்கவில்லை, வீட்டிலும் திறப்பதில்லை, சத்தியமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனால் எல்லோரும் சீட்டில் கழுதை விளையாடுவோம், எப்போதும் நான்தான் கழுதை. கலா கையில என்ன சீட்டுன்னு எட்டிப் பாக்கவே வேண்டீதில்ல, அவ மூஞ்சியப் பாத்தாப் போதும், எதைப் போடலாம்னு நெனைக்கறாளோ அங்கதான் அவ கண்ணு நிக்கும், என்று என் அண்ணன் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. வேண்டாம். குக்கர், தீபாவளி, பஸ், எதையாவது நினைத்துக்கொள், இதை நினைக்காதே. மேலே ஒன்று, கீழே நான்கு. அட்டையை வைத்ததும் என் கண் எங்கே போகும்? போகும். கேட்காமல் போகும். போய் நிற்கும். நான் வாயைத்தான் மூடிக்கொண்டிருந்தேன். அம்புக்குறி ஸ்டிக்கரை வெட்ட வெளிச்சமாக நெற்றிக்குக் கீழே ஒட்டிக்கொண்டு, பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படியென்றால் தோசை இல்லை, சாவி இல்லை, அ இல்லை, ஆ இல்லை. யூனிபார்மை வெட்டியாயிற்று. இல்லை, அப்படி இருக்காது, ஒரு கண் போகிற போக்கை வைத்து ஒரு பிள்ளை எழுத்துத் தெரிந்த மாதிரி காட்ட முடியுமா, அதுவும் இந்தப் பிள்ளை. அப்பளத்தைக் கண்டுபிடிக்க முடியாதவள் என் கருவிழி ஒரு நெல் அளவு நகர்வதைக் கண்டுபிடிப்பாளா? கண்டுபிடிப்பாள். தலைவலியைக் கண்டுபிடிக்கிறவள் ஏன் கண்டுபிடிக்கமாட்டாள். புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது. போதும் பிரகதி, களைச்சுப் போய்ட்டா, என்றாள் மிஸ். நான் எழுந்து போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரகதி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சிரித்தாள், கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது, சத்தமில்லாமல் அழுதிருக்கிறாள், பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை.

எத்தனை சரி என்று நான் கேட்கவில்லை. மிஸ்ஸே சொன்னாள். சரி தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லையாம், பிரகதி படத்தைப் பார்க்கவே இல்லையாம், என்னைத் தேடிக்கொண்டே இருந்தாளாம். போன மாதம் எடுத்த வீடியோவை அன்றைக்கே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தாமதமாகத்தான் பார்த்தேன், என் தப்புதான், என்றாள். அதில் ஒவ்வொரு தடவையும் என் கண் முதலில் போகிறதாம், அவள் கண் பின்னால் வருகிறதாம். அந்த மார்க்கையே எழுதிக் குடுத்துடுங்க மிஸ், என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோலக் கேட்டது. மிஸ் பேனாவை மூடி வைத்தாள்.

"எழுதிக் குடுத்தா சேர்த்துப்பாங்க. ஆனா கிளாஸ்ல டீச்சர் போர்டுல எழுதும்போது நீங்க எதிர்ல இருக்க மாட்டீங்களே. அவ யாரப் பாப்பா?"

நான் எதிரில் உட்காருகிறேன், இப்போதே வையுங்கள், கண்ணை அசைக்காமல் இருக்கிறேன், பாருங்கள், என்றேன். வீம்புதான். மிஸ் யோசித்தாள். உங்களால அசைக்காம இருக்க முடியாது, வேணும்னே தப்பானதைப் பார்க்க முடியுமா, ஒரே ஒரு தடவை, கஷ்டமா இருந்தா வேண்டாம், என்றாள். நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டேன். மேலே வட்டம். கீழே சதுரம், முக்கோணம், வட்டம், நட்சத்திரம். கேள்வி கேட்கும் முன்னால் என் கண் வட்டத்துக்கு ஓடப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து வந்து நட்சத்திரத்தில் வைத்தேன். கண்ணை ஓர் இடத்தில் பிடித்து வைப்பது இவ்வளவு பாரமா, தண்ணீர் நிறைந்த குடத்தை ஒரு கையில் தூக்கி நிற்பதுபோல இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஓரக்கண்ணில் மகளின் முகம் தெரிந்தது. அவள் கீழே பார்த்தாள். கண் அலைந்தது, வட்டத்தில் வந்து நின்றது. நின்றது, நான் பார்த்தேன், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் நன்றாக நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். திரும்ப வட்டத்தைப் பார்த்தாள். திரும்ப என்னை. புருவம் சுருங்கியது. பிறகு மெதுவாக, வேண்டா வெறுப்பாக, கண்ணை நட்சத்திரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சூப்பர் என்று நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வட்டமாவது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் விட்டுவிட்டாள். அம்மா பார்க்கிற இடம்தான் சரியாக இருக்கும், தன் கண்ணுக்குத் தெரிவது சரியாக இருக்காது என்று விட்டுவிட்டாள். இதை எப்போது கற்றுக்கொண்டாள்? நான் குக்கரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒவ்வொரு சாயங்காலமும் இதைத்தான் கற்றுக்கொண்டாளா? சந்தோஷப்பட வேண்டுமா, தலையில் அடித்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பு இல்லை. மிச்சம் எவ்வளவு அவளுக்குத் தெரியும் மிஸ், என்று கேட்டேன். எனக்கும் தெரியாதுங்க, முதல்ல இருந்துதான் பாக்கணும், ஜூன் வரைக்கும் பத்தாது, என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அவளைத் திட்டவும் முடியவில்லை. பிரகதி இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள், சூப்பர் இன்னும் வரவில்லையே என்று சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இன்னொண்ணு வைங்க மிஸ், என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இருட்டு. காற்றாடியின் கிறீச். தாள் புரண்டது. இது மாதிரி எது இருக்கு பிரகதி. ம்மா, என்றாள். நான் திறக்கவில்லை. ம்மா, இந்தத் தடவை கெஞ்சல். ம்மா, இது கோபம். காலால் நாற்காலியை உதைக்கிறாள், ஷூ இடிக்கிறது. அவள் பிறந்ததிலிருந்து கூப்பிட்டு நான் திரும்பாமல் இருந்ததில்லை, அடுப்பில் பால் பொங்கினாலும் திரும்பியிருக்கிறேன். இமைக்குள் கண் துடிக்கிறது, திற திற என்கிறது. நீயே பாரு சாமி, அம்மாவுக்குத் தெரியாது, என்றேன். அது உண்மைதான், என்ன படம் என்று எனக்குத் தெரியாது, முதல் தடவையாக எனக்குத் தெரியாது. உதைப்பது நின்றது. விசும்பல் ஒன்று வந்து பாதியில் நின்றது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, மூச்சு மட்டும், அவளுடைய கரகரத்த மூச்சு, நீளமாக. என்ன செய்கிறாள்? அழுகிறாளா, தூங்கிவிட்டாளா, மேலே பார்க்கிறாளா? இவ்வளவு நேரம் எதைப் பார்க்கிறாள்?

"பாத்துட்டா," என்றாள் மிஸ். குரலை இறக்கித்தான் சொன்னாள். "நாலையும் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, ஒண்ணுல நிறுத்திட்டா."

"சரிங்களா மிஸ்?"

"இல்லங்க. தப்பு." பிறகு, "ஆனா இது அவளே பண்ணின தப்புங்க," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது, மூடின இமைக்கு அடியில் வழி பண்ணிக்கொண்டு வந்தது. ஜூன் போயிற்று. அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த யூனிபார்மை மடித்து உள்ளே வைப்பார், அதுதான் கஷ்டம். அந்த ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் வேறு ஏதோ பிள்ளை உட்காரும். துடைத்துக்கொள்ளக் கை எழுந்தது, கையை எடுத்தால் கண்ணைத் திறந்துவிடுவேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். சூப்பர்டி தங்கம், என்றேன், தப்புக்கு. பிரகதி நம்பினாளோ இல்லையோ. அடுத்ததை வைங்க மிஸ், என்றேன். தாள் புரண்டது. காத்திருந்தேன், ம்மா என்ற குரலுக்கு, இப்போது வரும், இதோ வரும் என்று காது முழுவதும் அங்கேயே இருந்தது. இந்தத் தடவை அவள் என்னைக் கூப்பிடவில்லை.